கேட்டதெல்லாம் கிடைத்த வருஷம்

அந்த ஆளைப் பற்றித் திண்டுக்கல்லில் யாரிடம் கேட்டாலும் நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவள்தான். அதை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்து மூன்று வயது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்த டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கோர்ட்டு மனு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிப்போம். போஸ்டர் வேலைதான் அதிகம். செத்தவருக்குத் தனியாகப் படம் இருக்காது. ஏதாவது கல்யாண வீட்டுக் கூட்டத்தில் நிற்கிற படத்தைக் கொண்டு வருவார்கள். அதை ஸ்கேன் பண்ணி, பக்கத்தில் நிற்பவர்களையெல்லாம் அழித்துவிட்டு, அவர் முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுக்க வேண்டும். பெரிதாக்க ஆக்கக் கண் மட்டும் நம்மையே பார்க்கும். நாள் முழுவதும் யாராவது ஒரு செத்தவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பழகிவிட்டது. அப்படிப் பழகியதும் ஒரு காரணமாக இருக்கலாம், மற்றது எனக்கு உறைக்காமல் போனதற்கு.

ஆபரேட்டர்கள் இரண்டு பேர். ஒன்றாம் சிஸ்டத்தில் தாடிக்கொம்பிலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஒரு பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவள். இரண்டாம் சிஸ்டத்தில் நான். இரண்டு பேரும் சுவரைப் பார்த்து உட்காருவோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓனர் அண்ணனின் அறை. அதன் கண்ணாடியில் கருப்புத் தாள் ஒட்டியிருந்தது. நாங்கள் திரும்பிப் பார்த்தால் எங்கள் மூஞ்சிதான் தெரியும். உள்ளே லைட் போட்டால் மட்டும் அவர் தலையும் தோளும் நிழலாகத் தெரியும். எங்களைப் பார்க்க அவருக்குத் தடை ஏதும் இல்லை. ஆனால் முதுகைப் பார்த்து என்ன செய்வார் என்று நினைத்திருந்தோம்.

ஓனருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்கள் அந்தோனியார் கோவில் பங்கைச் சேர்ந்தவர். கோவில் கமிட்டியில் இருந்தார். யாரையும் குரல் உயர்த்திப் பேசமாட்டார். மதுரையிலிருந்து ஒருத்தரைக் கூட்டி வந்து, தன் அறையில் இருந்ததையும் சேர்த்து மூன்று சிஸ்டத்தையும் ஒயர் போட்டு ஒன்றாக இணைத்தார். இனிமேல் ஒரே பிரிண்டரில் எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். வந்தவர் எங்களை எழுந்திருக்கச் சொல்லி, எங்கள் சிஸ்டத்தில் ஒரு சி.டி.யைப் போட்டு ஏதோ ஏற்றினார். என்னது என்று கேட்டேன். வைரஸ் வராமல் இருக்க என்றார். நானும் சரி என்று டீ வாங்கிக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்தோனியார் கோவிலில் நவநாள் நடக்கும். வேண்டுதலை ஒரு தாளில் எழுதி விண்ணப்பப் பெட்டியில் போடுவோம். பேர் எழுத வேண்டியதில்லை. பூசையின்போது சாமியார் அதில் சிலவற்றை எடுத்து மைக்கில் படிப்பார். கேட்டது கிடைத்தவர்கள் எழுதிப் போட்ட நன்றிக் கடிதங்களையும் படிப்பார். ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பெட்டிதான் மனசு. இந்துக்களும் வருவார்கள்.

என் சங்கடம் என்னவென்றால், பெட்டியைத் திறப்பவர் உபதேசியார். எனக்குச் சின்ன வயதில் ஞான உபதேசம் நடத்தியவர். என் கையெழுத்து அவருக்கு அத்துப்படி. அவருக்குத் தெரிந்தால் மில்லில் ஷிப்டு முடிந்து வரும் என் அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும். அதனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், என் சிஸ்டத்திலேயே விண்ணப்பத்தை டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். யாருக்கும் தெரியாது என்று எனக்கு ஒரு பெருமை.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் எழுதினேன். என் தலைக்கு மேல் இருந்த டியூப் லைட் மின்னி மின்னி எரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. கண்ணைக் காப்பாற்றும் அந்தோனியாரே என்று எழுதினேன். அந்த வாரமே லைட் மாற்றினார்கள். சரி, மாற்ற வேண்டிய நேரம் வந்தது, மாற்றினார்கள். அடுத்து இடுப்பு வலி என்று எழுதினேன். ஓனர் அண்ணன் ஒரு மெத்தை வைத்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து, என் இடத்தில் போட்டார். தாடிக்கொம்புக்காரி சிரித்தாள். மகாராணிக்கு மட்டும் சிம்மாசனம், நமக்கெல்லாம் பிளாஸ்டிக்கு என்றாள். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்ததை எழுதினேன். இரண்டு வாரத்தில் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, ஒரு இலவச முகாம் இருக்கிறது, அம்மாவைக் கூட்டிப் போம்மா, பேர் கொடுத்துவிட்டேன் என்றார். அம்மாவுக்குக் கண் புரை என்று நான் சென்டரில் சொன்னதே இல்லை. கோவிலில் கேள்விப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து கண் தெரிந்ததும் அம்மா அழுதாள். நான் மூன்றுக்கும் சேர்த்து ஒரு நன்றிக் கடிதம் அடித்துப் போட்டேன். சாமியார் அதை மைக்கில் படித்தார். ஆண்கள் பக்கத்தில் முன் வரிசையில் அண்ணன் கைகட்டி உட்கார்ந்திருந்தார். படித்து முடித்ததும் லேசாகத் தலையைத் திருப்பிப் பெண்கள் பக்கம் பார்த்தார். அவர் முகம், பிள்ளை பரிசு வாங்குவதைப் பார்க்கிற தகப்பன் முகம் மாதிரி இருந்தது. எனக்கு அது அப்போது நன்றாகத்தான் இருந்தது. இதையும் சொல்லித் தொலைக்கிறேன்.

அப்புறம் ஒரு வாடிக்கையாளர். போஸ்டர் மேட்டர் கொண்டு வந்து கொடுக்கும்போதெல்லாம் என் விரலைத் தடவிக்கொண்டே கொடுப்பான். ஒரு நாள் ஆத்திரத்தில், இந்த நாயை இந்தப் படி ஏற விடாதேயும் என்று அடித்தேன். அடித்த பிறகு, சாமியிடம் நாய் பேய் என்று எழுதலாமா என்று தோன்றியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். பிரிண்ட் எடுக்கவில்லை. பெட்டியில் போடவில்லை. மறுநாள் அவன் வந்தபோது அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, தாளை அங்கேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகு அவன் உள்ளே வரவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம், எழுதி அழித்ததுகூட நடக்கிறது என்று சொன்னேன். அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவே இல்லை.

"நீ எழுதித்தான் அவருக்குத் தெரியணுமாடி? நெனச்சாலே தெரியும்."

அவளுக்கு அது ஆறுதல். எனக்கு அப்படி இல்லை. நினைத்தாலே தெரியும் ஒருத்தர் நம்மோடு இருக்கிறார் என்றால் எங்கே போய் நினைப்பது? குளிக்கும்போதுகூடக் கூச்சமாக இருந்தது. சாமி விஷயத்தில் இப்படியெல்லாம் நினைக்கக் கூடாது என்று மூன்று அருள்நிறை மந்திரம் சொன்னேன்.

இன்னும் சில விஷயங்கள் நடந்தன. மவுசில் கையே வைக்காமல் நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, திரையில் அம்பு ஒரு விரல்கடை நகர்ந்து நின்றது. இரண்டு தடவை. உள்ளே இருக்கும் உருண்டையில் தூசி இருக்கும் என்று கழற்றித் துடைத்தேன். துடைத்த பிறகும் ஒரு தடவை நகர்ந்தது. அப்புறம் ஒரு நாள் அண்ணன் என்னைத் தாண்டிப் போகும்போது, நெஞ்சு நெருப்பாகக் கிடந்தால் மோர் குடிக்கணும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். நெஞ்சு நெருப்பாகக் கிடக்கிறது என்று அதற்கு முந்தைய நாள் நான் விண்ணப்பத்தில் அடித்திருந்தேன்.  எத்தனை பேர் பேசுகிற வார்த்தை அது, தற்செயல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நெஞ்சு ஏன் நெருப்பாகக் கிடந்தது என்று சொல்ல வேண்டும். எனக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும். அங்கே பாடப்புத்தகம் அச்சடிக்கும் பெரிய பிரஸ் ஒன்றில் பக்கம் வடிவமைக்க ஆள் கேட்டுப் பேப்பரில் விளம்பரம் வந்திருந்தது. தங்குவதற்குக் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஹாஸ்டல் இருந்தது. நான் செத்தவர் முகத்தை வெட்டி ஒட்டியே கிழவியாகிவிடுவேன் என்ற பயம் எனக்கு. அப்பாவோ கீரனூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். எங்களைப் போல வேதக்காரக் குடும்பம், தோட்டம், டிராக்டர் எல்லாம் இருந்தது. நான் அழுது சண்டை போட்டேன். கிறிஸ்மஸ் அன்றைக்கு அப்பா ஒரு முடிவு சொன்னார்.

"ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துல எப்படியும் கல்யாணம் வைக்க முடியாது. ஈஸ்டருக்குள்ள ஆர்டர் வந்தா நீ போத்தா, நான் மறிக்கல. வரலேன்னா கழுத்த நீட்டணும். இம்புட்டுத்தான்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். நான் ஒத்துக்கொண்டேன். ஜனவரியில், சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று சென்டரில் பொய் சொல்லிவிட்டு, அப்பாவோடு கோயம்புத்தூர் போனேன். இன்டர்வியூ நன்றாகவே நடந்தது. அந்த மேனேஜர் அம்மா என் வேகத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்தில் போன் பண்ணுகிறோம் என்றார். எங்கள் வீட்டில் போன் கிடையாது. சென்டர் நம்பரைக் கொடுத்தேன். மறுநாள் மத்தியானம் முதல் வேலையாக, கோயம்புத்தூர் வேலை கிடைக்க வேண்டும், கீரனூர் சம்பந்தம் நின்று போக வேண்டும் என்று இரண்டையும் ஒரே தாளில் அடித்து அந்தோனியாருக்குப் போட்டேன்.

சம்பந்தம் நின்றது. மாசி மாதம் பிறப்பதற்குள் கீரனூரிலிருந்து ஆள் வந்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். உங்கள் பெண் கன்னியாஸ்திரியாகப் போகிற எண்ணத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்டோம், ஆண்டவருக்கு என்று இருக்கிற பிள்ளையை நாங்கள் கேட்டால் பாவம் என்றார்களாம். அப்பாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. யார் சொன்னது என்று கேட்டதற்கு, பெரிய இடத்தில் இருந்துதான் சொன்னார்கள் என்று மட்டும் சொன்னார்களாம். அதற்கப்புறம் கோவிலில் கிழவிகள் எனக்கு வழி விட்டார்கள். ஒரு பொம்பளை என் கையைப் பிடித்து, எந்தச் சபைம்மா சேரப்போறே என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். நான் கேட்டதை அந்தோனியார் செய்துவிட்டார். ஆனால் அவர் பொய் சொல்லியா செய்வார்?

அப்பா மட்டும் அசையவில்லை. ஈஸ்டர் கணக்கு ஈஸ்டர் கணக்குத்தான், வத்தலக்குண்டில் இன்னொரு இடம் இருக்கிறது என்றார்.

கோயம்புத்தூரிலிருந்து போன் வரவில்லை. இரண்டு வாரம் போனது, நான்கு வாரம் போனது. தபசு காலம் தொடங்கும் சாம்பல் புதனும் போனது. வெயில் ஏறிவிட்டது. அண்ணன் அறையில் போன் அடிக்கும்போதெல்லாம் என் விரல் நின்றுவிடும். உள்ளே அவர் மெதுவாகப் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்று கேட்காது. எனக்கு ஏதும் போன் வந்ததா அண்ணே என்று இரண்டு தடவை கேட்டேன். இல்லையேம்மா, யார் பண்ணப்போறா என்றார். வாராவாரம் அடித்தேன். கேட்டதெல்லாம் கொடுக்கிறீர், இதை மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று சண்டை போட்டே அடித்தேன்.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம்தான் இருந்தது, குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம். ஓட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருந்த ஓனர் அண்ணனின் மச்சினன் வீட்டில் ஒரு சாவு. சேதி வந்ததும் அண்ணன் அவசரமாகக் கிளம்பிவிட்டார். எப்போதும் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போடுவார். அன்றைக்குச் சாவி கதவிலேயே தொங்கியது. மத்தியானம் ஒரு மணி. நான் விண்ணப்பத்தில் பாதி அடித்திருந்தேன். உள்ளே போன் அடித்தது. ஒருவேளை கோயம்புத்தூராக இருந்தால்? எழுந்து ஓடினேன்.

யாரோ பத்திரிகை ரெடியா என்று கேட்டார்கள். நாளைக்கு என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்பும்போதுதான் அவருடைய சிஸ்டத்தைப் பார்த்தேன்.

திரையில் இரண்டு கட்டம். ஒன்றில் என் விண்ணப்பம். நான் எந்த எழுத்தில் விட்டுவிட்டு எழுந்தேனோ அந்த எழுத்துக்குப் பக்கத்தில், சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அங்கே என் மேஜையில் மின்னுவது போலவே இங்கேயும். என் நாற்காலி காலியாக இருப்பது கருப்புக் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கட்டத்துக்குள் நான் இன்னும் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது.

இன்னொரு கட்டத்தில் கல்யாணப் பத்திரிகை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு எழுத்தாக வந்தது. வெளியே தாடிக்கொம்புக்காரியின் முதுகு. அவள் தோள் அசைந்தது, இங்கே எழுத்து விழுந்தது. மணமகன் பேரில் ஒரு எழுத்து தப்பாக அடித்தாள், அழித்தாள், திரும்ப அடித்தாள். பிறகு பத்திரிகையை மூடிவிட்டு, ஒரு சீட்டுக்கட்டு ஆட்டத்தைத் திறந்து, பின்னால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் என்னைத்தான் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்தது அவள் மூஞ்சிதான்.

நான் உடனே வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. நின்று பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவளுக்குத் தெரியாமல் அவளைப் பார்ப்பது ருசியாக இருந்தது. இந்த வார்த்தைக்கு வேறு வார்த்தை என்னிடம் இல்லை. அவள் எந்தச் சீட்டை எங்கே வைக்க வேண்டும் என்று என் விரல் துடித்தது. மவுசின் மேல் கையை வைத்தேன். அங்கே அவள் அம்பு நகர்ந்தது. அவள் திடுக்கிட்டு மவுசைத் தூக்கித் தட்டினாள். என் அம்பு நகர்ந்ததும் இப்படித்தான் என்று அப்போதுதான் புரிந்தது. கையை எடுத்துவிட்டேன்.

திரையின் ஓரத்தில் ஒரு ஃபோல்டர். அதற்குள் தேதி தேதியாகப் படங்கள். டியூப் லைட், இடுப்பு வலி, அம்மாவின் கண். நான் அழித்துவிட்ட அந்த நாய் விண்ணப்பமும் இருந்தது, அழிப்பதற்கு முன்னால் எடுத்த படம். ஜனவரி மாதத்து விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். கோயம்புத்தூர் என்ற வார்த்தை முழுசாகத் தெரிந்தது. சாமிக்கு மட்டும் சொன்ன என் பாவசங்கீர்த்தனத்தை ஒருத்தன் ஆல்பம் போட்டு வைத்திருந்தான்.

படி இறங்கிப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் கோயம்புத்தூருக்குப் போட்டேன். ஆபீஸில் இருந்த பெண் என் பேரைக் கேட்டதும் ஆச்சரியப்பட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குக் கல்யாணம் நிச்சயமாயிருச்சு, வேலைக்கு வர மாட்டீங்கன்னு உங்க ஓனரே சொன்னாருங்களே. நாங்க ரெண்டு தடவ கூப்புட்டமுங்க."

அது பொய் என்றேன்.  ஒரு இடத்துக்கு ஆள் எடுத்தாயிற்று, இன்னொரு இடம் ஈஸ்டருக்கு அடுத்த திங்கட்கிழமை வரை இருக்கிறது, ஆனால் சொன்னவரே திரும்பக் கூப்பிட்டுச் சொன்னால்தான் மேனேஜர் அம்மா நம்புவார், அனுபவச் சான்றிதழும் அவர் கையெழுத்தில் வேண்டும் என்றாள். அதாவது, என் கழுத்தை நெரித்தவனிடமே போய் என்னை விடச் சொல்ல வேண்டும்.

கன்னியாஸ்திரி கதையை யார் கட்டியது என்பதும் பூத்துக் கதவைத் திறக்கும்போது புரிந்தது. கீரனூர்க்காரனிடம் இவள் மடத்துக்குப் போகிறாள் என்றும், கோயம்புத்தூர்க்காரியிடம் இவள் கல்யாணத்துக்குப் போகிறாள் என்றும் சொல்லி, இரண்டு பக்கமும் கதவைச் சாத்தி, நடுவில் அந்த மெத்தை நாற்காலியில் என்னை உட்கார வைத்திருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலமே உபதேசியாரிடம் போய்க் கத்தியிருக்கலாம். அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பா அந்த ஆளை அடிப்பார், கேஸாகும், விஷயம் ஊர் முழுக்கப் பரவும், என் சான்றிதழ் போகும், ஈஸ்டரும் போகும். அதனால் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு போஸ்டர் அடித்தேன். அந்த இரண்டு நாளும் என் முதுகில் யாரோ விரல் வைத்திருப்பது போலவே இருந்தது. ஒவ்வொரு எழுத்து அடிக்கும்போதும் அது இன்னொரு இடத்தில் விழுவது எனக்குத் தெரிந்தது.

மூன்றாம் நாள் அண்ணன் சாவு வீட்டுக் காரியங்களை முடித்துவிட்டு வந்து அறைக்குள் உட்கார்ந்தார். லைட் போட்டார். தலையும் தோளும் தெரிந்தது. காலை பத்தரை மணி இருக்கும். தாடிக்கொம்புக்காரி பக்கத்தில் கேள்வித்தாள் அடித்துக்கொண்டிருந்தாள். நான் புதிதாக ஒரு பக்கம் திறந்து, எழுத்தைப் போஸ்டர் தலைப்பு அளவுக்குப் பெரிதாக வைத்து அடித்தேன்.

அண்ணே, நீங்கள் பார்ப்பது எனக்குத் தெரியும்.

பின்னால் நாற்காலி கிறீச்சென்றது.  நான் திரும்பவில்லை. அடித்துக்கொண்டே போனேன். கோயம்புத்தூருக்கு இப்போதே போன் பண்ணி, கல்யாணம் என்று சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். அனுபவச் சான்றிதழ் இன்றைக்கே வேண்டும். செய்யாவிட்டால் டியூப் லைட்டில் ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதி, பேரும் போட்டு, வருகிற செவ்வாய் பெட்டியில் போடுவேன். சாமியார் மைக்கில் படிக்கட்டும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவர் அசையவில்லையே என்ற பயத்தில் இன்னொரு வரியும் அடித்தேன். செய்தால் நான் யாரிடமும் எதுவும் சொல்ல மாட்டேன்.

கோடு மின்னிக்கொண்டே இருந்தது. தாடிக்கொம்புக்காரியின் விரல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு திரையில் என் அம்பு தானாக நகர்ந்தது. மெதுவாகக் கீழே வந்து, அந்தக் கடைசி வரியின் அடியில் நின்றது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போனை எடுக்கும் சத்தம் கேட்டது. அவர் நம்பரைச் சுற்றினார். மெதுவாகத்தான் பேசினார், ஆனால் இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. நல்ல பிள்ளை, வேகமான பிள்ளை, தகவல் தப்பாக வந்துவிட்டது, மன்னிக்கணும் என்று அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

மத்தியானம் தாடிக்கொம்புக்காரி கை கழுவப் போனபோது, சான்றிதழைக் கவரில் போட்டுக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். கண் சிவந்திருந்தது. கோபமா, அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

"நீ கேட்டதுல எதம்மா நான் செய்யாம விட்டேன்?" என்றார்.

"நான் உங்ககிட்டக் கேக்கல."

"நீ போயிட்டா இந்தச் சென்டர்ல யாரு இருக்கா சொல்லு. அந்த ஒண்ணத்தான் என்னால செய்ய முடியல."

நிஜமாகவே அவருக்கு அது நியாயமாகப் பட்டது. அதுதான் என்னைக் கலவரப்படுத்தியது. தப்பு செய்தவன் கூனிக் குறுகுவான் என்று எதிர்பார்த்தேன். இந்த ஆள், வேண்டுதலை மறந்த பக்தையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். நான் கவரை எடுத்துப் பையில் வைத்தேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். செத்த நேரத்தில் லைட்டும் அணைந்தது.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் ஆர்டர் வந்தது. அப்பா வாசித்துவிட்டு, சொன்ன சொல் சொல்தான் என்று டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினார். அம்மா செவ்வாய்க்கிழமை நன்றிக் கடிதம் போடச் சொன்னாள். நான் போடவில்லை. யாருக்குப் போடுவது? கடைசியில் என்னைக் கோயம்புத்தூருக்கு அனுப்பியதும் அந்த ஆள்தான். கேட்டேன், கொடுத்தான். இந்த எரிச்சல் எனக்கு எந்த ஊர் போயும் தீரவில்லை.

சென்டரில் கடைசி நாள், தாடிக்கொம்புக்காரி என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"அக்கா, நீ மத்தியானம் மத்தியானம் அந்தோனியாருக்கு அடிச்சுப் போட்டத நான் பாக்கலேன்னு நெனச்சியா? எல்லாம் நடந்துச்சுல்ல? இனிமே நானும் அடிக்கப் போறேன்."

கையால் எழுது என்றேன். அவள் கையெழுத்தைச் சாமியே படிக்க முடியாது என்று சிரித்தாள். கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் லைட் எரிந்தது. ஆர்டர் வந்துவிட்டது, ஆனால் நான் இன்னும் வேலையில் சேரவில்லை. ஒரு போன் போதும், எல்லாம் போய்விடும். நான் திரும்பவும் கையால் எழுது புள்ள என்று மட்டும் சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டேன். ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம். கோயம்புத்தூர் போன பிறகாவது ஒரு கடுதாசி போட்டிருக்கலாம். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திருடனுக்குக் கொடுத்த வாக்கு.

ஐந்தாறு வருஷம் கழித்து, பழனிக்குப் போகிற பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். மடியில் ஒரு பெண் குழந்தை. என்னைப் பார்த்ததும் இடம் போட்டு உட்கார வைத்தாள். அந்தச் சென்டரை இப்போது முழுக்க அவள்தான் பார்த்துக்கொள்கிறாளாம். புருஷன் அண்ணன் பார்த்துக் கொடுத்த மாப்பிள்ளையாம். வீடும் அண்ணன் பார்த்துக் கொடுத்ததுதானாம்.

"நான் மனசுல எப்படி நெனச்சிருந்தேனோ அப்படியேக்கா," என்றாள். "தாடிக்கொம்பிலேயே இருக்கணும், குடிக்காத ஆளா இருக்கணும்னு. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அண்ணனுக்கு எப்படித்தான் தெரியுமோ."

சந்தோஷமாகத்தான் இருந்தாள். குழந்தை என் வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் டைப் அடித்துத்தான் போடுகிறாயா என்று கேட்டேன். ஆமாம், வாராவாரம் என்றாள்.

இப்போது எனக்கு எந்த வாக்கும் இல்லை, எந்த ஆர்டரும் போய்விடாது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இந்தப் புருஷன், இந்த வீடு, இந்தக் குழந்தை எல்லாம் எந்த வழியாக வந்தது என்று சொன்னால், அவள் அதற்குப் பிறகு எதைப் பார்த்து எது தன்னுடையது என்று நினைப்பாள்? அல்லது இதுவும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கா? என் ஸ்டாப் வருவதற்கு முன்பே எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கியதும் அவள் ஜன்னல் வழியாகக் குழந்தையின் கையைத் தூக்கி எனக்கு டாட்டா காட்ட வைத்தாள். நான் திரும்பி நடந்துவிட்டேன்.